சக்கர நாற்காலியில் இருந்தபடியே மரம் கடையலாம்!

உங்கள் வீட்டில் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருநாள், ‘‘சின்னதா ஒரு மரக்கடைசல் மெஷின் வாங்கித் தர்றீங்களா? வீட்டிலேயே ஏதாவது கடைஞ்சு பார்க்கிறேன்’’ என்று கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

‘‘ஐயையோ, மெஷினா? உளியா? பட்டது போதாதா? பேசாம டி.வி. பாருப்பா!’’ பல வீடுகளில் இந்தப் பதில்தான் வரும்.

அன்பினால் வருகிற பதில்தான், மறுக்கவில்லை. ஆனால், விபத்தில் கால் போனதைவிட, ‘இனிமேல் உனக்கு ஒரு வேலையும் கிடையாது’ என்று வீடே சேர்ந்து சொல்லிவிடுவது பலரை அதிகமாக முடக்கிப் போடுகிறது. ஆகவே, ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். மரக்கடைசலில் ஆபத்து உண்டு. அது எங்கே இருக்கிறது, அதற்கு என்ன வழி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம் முடிவெடுக்கலாமே!

உட்கார்ந்து கடைவது புதுசா?

‘கடைதல்’ என்ற சொல்லையே பாருங்களேன். மோர் கடைவதும் கடைதல்தான். மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுப்பதும் கடைதல்தான். மோர் கடைகிற மத்தே கடைசல் பட்டறையில் பிறந்ததுதானே!

மோட்டார் வருவதற்கு முன்னால், நம் நாட்டுக் கடைசல்காரர்கள் தரையில் உட்கார்ந்துதான் வேலை செய்தார்கள். மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி, ஒரு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள். மறு கையில் உளி. சில இடங்களில் உதவியாள் ஒருவர் கயிற்றை இழுத்துத் தருவார். கர்நாடகத்தின் சென்னப்பட்டணா, ஆந்திராவின் ஏட்டிக்கொப்பாக்கா, நம் அம்பாசமுத்திரம்... இங்கெல்லாம் பொம்மைகளும் சொப்புச் சாமான்களும் கடைந்து தலைமுறை தலைமுறையாகப் பேர் வாங்கியிருக்கிறார்கள்.

ஆக, உட்கார்ந்து கடைவது ஏதோ குறைபட்ட முறை இல்லை. இன்று மரத்தைச் சுழற்றும் வேலையை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. இயந்திரத்தை ஆளுக்குத் தகுந்தபடி அமைப்பது ஒன்றுதான் நம் வேலை.

வேலூர் கற்றுத் தந்த பாடம்

முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு வேலையும் ஒரு சிகிச்சை என்று நிரூபித்தவர் டாக்டர் லுட்விக் குட்மன். 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடக் காயம் பட்ட போர் வீரர்களுக்கான பிரிவை அவர் தொடங்கினார். நோயாளிகளைச் சும்மா படுக்கவிடவில்லை. மரவேலை, கடிகாரம் பழுது பார்ப்பது என்று கைக்கு வேலை கொடுத்தார். 1948-ல் அவர் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு நடத்திய வில்வித்தைப் போட்டிதான் பிற்பாடு பாராலிம்பிக்ஸாக வளர்ந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தாரே! 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத் தண்டில் அடிபட்டு அவருடைய கால்கள் செயலிழந்தன. அதன்பிறகும் அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மனிதக் கைக்குள் இருக்கும் மெல்லிய தசைநாண்களை உட்கார்ந்தபடி சரிசெய்ய முடியும் என்றால், மரக்கட்டையைக் கடைய முடியாதா என்ன?

அவருக்கு வழிகாட்டிய டாக்டர் பால் பிராண்ட், மருத்துவம் படிப்பதற்கு முன்பே தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றவர். தொழுநோயால் கையில் உணர்ச்சி போனவர்களுக்கு அவர் வேலூரில் மரப்பட்டறை வைத்துக் கொடுத்தார். வலி தெரியாததால் அவர்கள் கருவியை அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்துப் புண்ணாக்கிக்கொண்டார்கள். அதற்காக, ‘வேலையே வேண்டாம்’ என்று அவர் பட்டறையை மூடவில்லை. கைப்பிடியை மாற்றினார், தினமும் கையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் அதுதான் சாரம். வேலையை நிறுத்தாதீர்கள்... கைப்பிடியை மாற்றுங்கள்!

முதலில் டாக்டரிடம் கேளுங்கள்

போலியோவால் நாற்காலிக்கு வந்தவரும், தண்டுவடக் காயத்தால் வந்தவரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். உள்ளே நிலைமை வேறு. போலியோவில் தசை பலம் போகுமே தவிர, தொடு உணர்ச்சி போகாது. கத்தி பட்டால் தெரியும். தண்டுவடக் காயத்திலோ, அடிபட்ட இடத்துக்குக் கீழே வெட்டுப்பட்டாலும் சுட்டாலும் தெரியாமல் போகலாம். அதனால் இந்தக் கேள்விகளை அவசியம் கேளுங்கள்:

* உடம்பை நேராக நிமிர்த்தி வைக்கும் பலம் இருக்கிறதா? இல்லையென்றால் மார்புப் பட்டை தேவைப்படும்.

* கால்கள் திடீரென்று துள்ளி இழுக்கிறதா? அப்படியானால் பாதத்தையும் கெண்டைக்காலையும் பட்டையால் நாற்காலியோடு நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

* சாப்பிடுகிற மாத்திரை தூக்கம் வரவழைக்குமா? தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென், நரம்பு வலிக்குக் கொடுக்கும் காபாபென்டின் போன்றவை சிலருக்குக் கண்ணைச் செருக வைக்கும். அந்த நேரத்தில் மெஷின் பக்கமே போகக்கூடாது.

* வலிப்பு வருவதுண்டா? அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால், இந்த வேலை இப்போதைக்கு வேண்டாம்.

* காயம் தண்டுவடத்தின் எந்த மட்டத்தில்? மார்பு நரம்புகளில் 6-வதிலோ அதற்கு மேலேயோ என்றால், ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் அபாயம் உண்டு. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இடம் எவ்வளவு வேண்டும்?

தனி ஷெட் எல்லாம் வேண்டாம். கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூலை, மழைச்சாரல் விழாத பால்கனி, காலியாகக் கிடக்கும் ஒரு சின்ன அறை போதும். சக்கர நாற்காலி முழு வட்டம் திரும்ப 5 அடி விட்டமுள்ள காலியிடம் தேவை. கதவு வழி குறைந்தது 32 அங்குலம் இருக்கட்டும். தரையில் ஒயர் ஓடக்கூடாது, சக்கரம் ஏறும்.

சாமான்கள் எல்லாம் தரையிலிருந்து 15 அங்குலத்துக்கு மேலே, 48 அங்குலத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதுதான் உட்கார்ந்தவரின் கை வசதியாக எட்டும் எல்லை. பரண் மேல் உளியை வைத்துவிட்டு, ‘‘எது வேணும்னாலும் கூப்பிடு’’ என்று சொல்வது உதவி இல்லை. யாரையும் கூப்பிடாமல் எடுத்துக்கொள்ள முடிந்தால்தான் அது அவருடைய பட்டறை!

உயரம்தான் உயிர்

நின்று கடைகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. சுழலும் மரத்தின் நடு அச்சு முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்தவருக்கும் அதே விதிதான். அவரை நாற்காலியில் நேராக உட்காரவைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து பாருங்கள். பலருக்கு 27 அங்குலத்தை ஒட்டி வரும்.

இங்கேதான் சிக்கல். முழங்கால் மேஜைக்கு அடியில் போவதற்கே 27 அங்குலம் வேண்டுமே! அதற்கு மேல் மேஜைப் பலகை, அதற்கு மேல் மெஷின் என்று வைத்தால், அச்சு தோளுக்கு வந்துவிடும். கை இரண்டையும் இறக்கை மாதிரி தூக்கிக்கொண்டு வேலை செய்தால் தோள் என்ன ஆகும்? சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஏற்கெனவே தேய்ந்திருக்கும் தோள் அது. நாற்காலிக்காரருக்குத் தோள்தான் காலும்கூட!

வழி இருக்கிறது. மேஜைப் பலகையையே எடுத்துவிட்டு, மெஷினின் இரண்டு முனையையும் இரண்டு இரும்புத் தாங்கிகளில் பொருத்தலாம். நடுவில் முழங்காலுக்கு இடம் கிடைத்துவிடும். இன்னொரு வழி, மெஷினை உட்கார்ந்தவர் பக்கமாகச் சாய்த்துப் பொருத்துவது. அப்போது அதன் அடிப்பகுதி பின்னால் தள்ளிப்போகும். மரம் கைக்குப் பக்கத்தில் வரும். அமெரிக்காவில் ராபஸ்ட் என்ற நிறுவனம், உட்கார்ந்து கடைகிறவர்களுக்காகவே ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற மெஷினை உருவாக்கியது.

நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. அரை எச்.பி. மோட்டார் உள்ள சின்ன மெஷினும், அளவு சொன்னால் தாங்கி அடித்துத் தரும் பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையும் போதும். தாங்கியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அளவெடுக்கும்போது நாற்காலிக்காரரும் கூடவே இருக்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடிகள் கழற்றக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. உளியின் காம்பு அதில் இடிக்காது.

சுவிட்ச் எங்கே?

நின்று வேலை செய்கிறவர் ஏதாவது தப்பாகப் போனால் சட்டென்று ஒதுங்கிவிடுவார். நாற்காலியில் இருப்பவரால் அது முடியாது. அதனால் நிறுத்தும் சுவிட்ச், உளியைக் கீழே வைக்காமலே முழங்கையால் தட்டும்படி இருக்க வேண்டும். சிவப்பு நிறத்தில், பெரிய பொத்தானாக, மெஷினின் தலைப்பக்கம் இல்லாமல் அவர் உட்காரும் இடத்துக்கு நேரே அமையட்டும். சுழலும் மரத்தைத் தாண்டிக் கையை நீட்டி அணைப்பது கூடவே கூடாது.

இன்னொன்று, நம் ஊரில் கரண்ட் போவது சகஜம். போன கரண்ட் திரும்பி வரும்போது மெஷின் தானாக ஓட ஆரம்பித்தால்? அதைத் தடுக்க ‘நோ வோல்ட்’ சுவிட்ச் என்று ஒன்று உண்டு. கரண்ட் வந்தாலும், மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு மாட்டிவிடுங்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் அவசியம். உட்கார்ந்திருப்பது உலோக நாற்காலி அல்லவா!

முகம், மூக்கு, மடி

உட்கார்ந்து வேலை செய்யும்போது முகம் மரத்துக்குக் கிட்டத்தட்ட நேர் மட்டத்தில் இருக்கும். சாதாரணக் கண்ணாடி போதாது. நெற்றி முதல் தாடை வரை மறைக்கும் முகக்கவசம் வேண்டும். மெஷினை ஓடவிடும்போது மரத்துக்கு நேர் எதிரே இல்லாமல் சற்று ஒதுங்கி இருக்கச் சொல்லுங்கள். மரத்துண்டு கழன்றால் முதல் சில விநாடிகளிலேயே கழன்றுவிட வாய்ப்பு அதிகம்.

அடுத்தது தூசி. மரத்தூசி தும்மலோடு போகிற சமாசாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மூக்கையும் அதை ஒட்டிய எலும்பு அறைகளையும் தாக்கக்கூடியது. மார்புக்கு மேலே தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு இருமல் பலமும் குறைவு. உள்ளே போனதை வெளியே தள்ளுவது கஷ்டம். ஆகவே என்-95 மாஸ்க், காற்றை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டும் வேண்டும்.

ஒரு நல்ல யோசனை: ஈரம் காயாத மரத்தில் பழகட்டும். உளி பட்டதும் ஈரமரம் நீளநீளச் சுருளாக உரியும். பொடியாகப் பறப்பது ரொம்பக் குறைவு. ஈட்டி மரமும் தேக்கும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், ஆரம்பத்தில் தவிர்க்கலாம்.

மூன்றாவது மடி. உணர்ச்சியில்லாத தொடை மேல் உளி விழுந்தால் யாருக்குத் தெரியும்? தடித்த தோல் ஏப்ரன் கட்டி, மடி மேல் விளிம்பு வைத்த ஒரு பலகையும் வைத்துவிடுங்கள். விழுகிற உளியைப் பலகை தாங்கும். தொளதொள சட்டை, துப்பட்டா, வேட்டி நுனி, வளையல், மோதிரம் எதுவும் வேண்டாம். கையுறையும் கூடாது! பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிற கையுறை சுழலும் மரத்தில் சிக்கினால் கையையே இழுத்துவிடும்.

நேரம் போவதே தெரியாதா? அதுதான் ஆபத்து!

கடைசலில் உட்கார்ந்தால் மணி பார்க்கத் தோன்றாது. நாற்காலிக்காரருக்கு உளியைவிடப் பெரிய எதிரி இதுதான். ஒரே இடத்தில் அழுத்தி உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும். வந்தால் மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும்.

அலாரம் வையுங்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை மெஷினை அணைத்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு நிமிஷம் முன்பக்கம் குனிந்தோ இரு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தோ புட்டத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். ஓடும் மெஷின் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது. ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து இடுப்பு, புட்டம், குதிகால் எல்லாம் பாருங்கள். அரை மணி நேரமாகியும் மறையாத சிவப்பு இருந்தால், அது மறையும் வரை அந்த இடத்தில் அழுத்தம் படக்கூடாது, பட்டறைக்கும் லீவு!

சிறுநீர்க் குழாய் போடும் நேரத்தையும் தள்ளிப்போடக் கூடாது. ‘இன்னும் கொஞ்சம் முடிச்சுட்டு வரேன்’ என்பது இங்கே செல்லாது. பை கட்டியிருந்தால், ஏப்ரனுக்கும் பலகைக்கும் அடியில் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே சொன்ன ரத்த அழுத்த அபாயம் இதனால்தான் வரும். சிறுநீர்ப்பை நிறைந்தாலோ உடம்பில் எங்காவது அழுத்தினாலோ திடீர்த் தலைவலி, முகம் சிவப்பது, குப்பென்று வியர்ப்பது எல்லாம் தெரியும். உடனே மெஷினை அணைத்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமானதைத் தளர்த்தி, குழாயைச் சரிபாருங்கள். குறையவில்லை என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கழுத்துப் பகுதியில் காயம் உள்ளவர்களுக்கு உடம்பின் பெரும்பகுதி வியர்க்காது என்பதால், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை வேண்டவே வேண்டாம்.

உளியும் வேகமும்

நின்று கடைகிறவர் உளியின் காம்பை இடுப்போடு அணைத்து, உடம்பையே அசைத்து வெட்டுவார். உட்கார்ந்தவருக்கு அந்த அசைவு கிடையாது. அதனால் காம்பு குட்டையாக இருக்கட்டும். உளியை மட்டமாகப் பிடித்து நேராக உள்ளே தள்ளுகிற, கார்பைடு முனை வைத்த சுரண்டு உளிகள் ஆரம்பத்துக்கு ரொம்ப வசதி. விரல் பிடிப்பு குறைவானவர்கள் காம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளலாம். உளியை முதலில் தாங்கிக் கம்பியில் படியவைத்து, பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். நாற்காலியின் இரண்டு பிரேக்கும் போட்டிருக்க வேண்டும்.

வேகத்துக்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6,000-லிருந்து 9,000-க்குள் வர வேண்டும். 3 அங்குலக் கட்டை என்றால் 2,000 முதல் 3,000 சுற்று. இது உருண்டையான கட்டைக்கு. கோணல்மாணலான துண்டை எப்போதும் மிகக் குறைந்த வேகத்தில் ஆரம்பியுங்கள். பழகும் வரை கணக்கில் வரும் வேகத்தைவிடக் குறைவாகவே ஓட்டினாலும் தப்பில்லை.

முதலில் என்ன செய்யலாம்? கிண்ணம் வேண்டாம், குடைகிற வேலையில் உளி மாட்டிக்கொள்ளும். நீளவாக்கில் கடைகிற பம்பரம், பூரிக்கட்டை, மத்து... இவைதான் நல்ல வாத்தியார்கள். பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தில்தான் பரம்பரையாக உணவுக் கிண்ணங்கள் செய்தார்கள். சென்னப்பட்டணாவில் பயன்படுவது வெண்மையான வெப்பாலை. சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டிலேயே அது உருகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் பளபளப்பு!

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

முதல் சில வாரங்கள் அனுபவமுள்ள கடைசல்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தரட்டும். தனியாக வேலை செய்யும்போது கூப்பிடு தூரத்தில் யாராவது இருங்கள். ஆனால் தலைமேல் நிற்காதீர்கள். ‘‘பார்த்து... பார்த்து...’’ என்று நிமிஷத்துக்கொரு தடவை குரல் கொடுத்தால், அவர் கவனம் உங்களிடம் போகும், உளி வழுக்கும்.

‘‘வித்தா எவ்வளவு கிடைக்கும்?’’ என்று முதல் நாளே கணக்குப் போடாதீர்கள். அதற்குப் பதிலாக அவரிடம், ‘‘நம்ம வீட்டு மத்து உடைஞ்சு போச்சு, ஒண்ணு கடைஞ்சு தர்றியா?’’ என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை நாளாக எல்லோரிடமும் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது வீடு அவரிடம் ஒன்றைக் கேட்கிறது!

முதல் மத்து கொஞ்சம் கோணலாகத்தான் வரும். பரவாயில்லை, அதிலேயே மோர் கடையுங்கள்.